இளையாழ்வார் பெயர் எண்ணுக்கு வந்த வழி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து உலகுக்குப் போகும் சரக்கு எது என்று கேட்டால், பஸ் ஸ்டாண்டில் நிற்கும் யாரும் யோசிக்காமல் பட்டியல் போடுவார்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார். 2000 முதல் செயின்ட் கோபைன் கண்ணாடி. நோக்கியா இருந்த காலத்திலும், 2014-இல் அது மூடப்பட்ட பிறகும் செல்போன். ஒரகடம் பக்கம் போனால் நிசான், ரெனோ, பாரத்பென்ஸ் லாரி, ராயல் என்ஃபீல்டு. இவையெல்லாம் கப்பலேறுவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த ஊர் ஒரு பெயரை வெளியே அனுப்பிவிட்டது. அந்தப் பெயர் திருவரங்கம் போனது, மேல்கோட்டை போனது, கும்பகோணத்தில் ஒரு வீட்டில் குடியிருந்தது, கேம்பிரிட்ஜ் வரை போய்ச் சில எண்களின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவற்றில் ஒன்று நான்கு இலக்க எண். இன்னொன்று பதினெட்டு இலக்கம். முதலாவதற்கு அந்தப் பெயர் வந்ததில் பாதி நியாயம் உண்டு. இரண்டாவதற்கு வந்ததில் துளி நியாயமும் கிடையாது.

மரபு சொல்லும் ஆண்டு 1017. சித்திரை மாதம், திருவாதிரை நட்சத்திரம். ஆசூரி கேசவ சோமயாஜிக்கும் காந்திமதி அம்மைக்கும் பிறந்த பிள்ளைக்குத் தாய்மாமன் பெரிய திருமலை நம்பி வைத்த பெயர் இளையாழ்வார். வைணவப் பேச்சில் இராமன் பெருமாள் என்றால் இலக்குவன் இளைய பெருமாள். பிள்ளையிடம் இலக்குவன் சாயலைக் கண்டுதான் மாமன் அந்தப் பெயரை வைத்தார் என்பது குருபரம்பரை வழக்கு. அந்த 'இளைய' என்பதையே வடமொழியில் சொன்னால் 'அநுஜ'. 'அநு' என்றால் பின்னால், 'ஜ' என்றால் பிறந்தது. இராமன் என்பதோடு அதைச் சேர்த்தால் இரண்டு அகரமும் கலந்து ஆகாரமாகி 'ராமாநுஜ' ஆகிறது. இராமனுக்குப் பின்பிறந்தவன், அவ்வளவுதான் பொருள். ஊர்ப் பேச்சில் சொன்னால் ராமன் தம்பி.

அந்தக் கடைசி 'ஜ' நமக்குப் புதிய எழுத்தல்ல. வனஜா, கிரிஜா, ஜலஜா, பங்கஜம் என்று நம் வீட்டு அக்காக்களும் அத்தைகளும் பெயரில் சுமப்பது அதே 'ஜ'தான். வனத்தில் பிறந்தவள், மலையில் பிறந்தவள், நீரில் பிறந்தவள், சேற்றில் பிறந்தது. மலையாளத்தில் 'அநுஜன்' இன்றும் தம்பியைக் குறிக்கும் சொல்லாகப் புழங்குகிறது. தமிழுக்குத் தம்பி, இளவல், பின்னவன் என்று கைவசம் நிறைய இருந்ததால் தனிச்சொல்லாக அது இங்கே வேர்விடவில்லை. ஆள்பெயருக்குள் மட்டும் ஒட்டிக்கொண்டது. வந்ததும் தமிழ் அதன் உடையைக் கொஞ்சம் மாற்றிவிட்டது. ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னால் ஓர் இகரம். ஜகரம் இல்லாததால் சகரம். 'இராமானுசன்'.

திருவரங்கத்து அமுதனார் பாடிய இராமானுச நூற்றந்தாதியில் 108 பாட்டு; ஒவ்வொன்றிலும் இந்தப் பெயர் வருகிறது. வருவது 'இராமானுசன்' என்ற னகர ஈற்று வடிவம் என்பதைக் கவனிக்க வேண்டும். பக்தியில் 'ன்' மரியாதைக் குறைவில்லை. கண்ணனும் முருகனும் அப்படித்தான். பிற்கால உரைநடையில்தான் ஆசாரியருக்கு 'ர்' நிலைத்துப்போனது. இப்போது தமிழில் ஓர் எழுத்து ஆளைப் பிரித்துக் காட்டுகிறது: ராமானுஜர் என்றால் ஸ்ரீபெரும்புதூர்க்காரர், ராமானுஜன் என்றால் கணித மேதை, ராமானுஜம் என்றால் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அமுதனார் காலத்துக்கு இந்த வேறுபாடு தேவைப்பட்டிருக்காது.

ஊர் தன் பிள்ளையை மறக்கவில்லை. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள ராமானுஜர் திருமேனியைத் 'தான் உகந்த திருமேனி' என்கிறார்கள். அவரே பார்த்து மகிழ்ந்தது என்று பொருள். மேல்கோட்டையில் இருப்பது 'தமர் உகந்த திருமேனி', திருவரங்கத்தில் இருப்பது 'தானான திருமேனி'. மூன்று உருவத்துக்கும் மூன்று பெயர் வைத்து, எது எப்படி வந்தது என்பதையும் அந்தப் பெயரிலேயே சொல்லிவிட்ட மரபு இது. எண்களுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு இந்தக் கவனம் இருந்திருக்கலாம்.

இனி 1887. டிசம்பர் 22, வியாழக்கிழமை, ஈரோடு. கும்பகோணத்து ஜவுளிக்கடைக் கணக்கர் ஸ்ரீனிவாச ஐயங்காருக்கும் கோமளத்தம்மாளுக்கும் மகன். வைணவ ஆசாரியரும் வியாழக்கிழமை பிறந்தவர், ஜாதகத்தில் வேறு ஒற்றுமைகளும் உண்டு என்று கண்டு அந்தப் பெயரை வைத்தார்கள் என வாழ்க்கை வரலாற்றில் ராபர்ட் கனிகெல் எழுதுகிறார். ஆக 1017-இல் இலக்குவனின் சாயலுக்காக வந்த பெயர், 870 ஆண்டு கழித்து ஆசாரியரின் சாயலுக்காக மறுபடி வந்தது. வீட்டில் அம்மா கூப்பிட்டது 'சின்னசாமி' என்று. இளைய பெருமாள் என்பதைப் பேச்சுத் தமிழில் போட்டால் அதுதானே! இந்தச் சின்னசாமி சிறு வயதில் சில காலம் காஞ்சிபுரத்திலும் இருந்திருக்கிறார்; தாத்தாவுக்கு அங்கே கோர்ட்டில் வேலை. காஞ்சியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் கூப்பிடு தூரம்.

சென்னைத் துறைமுகத்தில் 1912-இல் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோதும், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்குக் கடிதம் போட்டபோதும் அவர் எஸ். ராமானுஜன். நம் வழக்கப்படி எஸ் அப்பா, ராமானுஜன் ஆள். வெள்ளைக்காரர் வழக்கில் பின்னால் வருவது குடும்பப் பெயர். அங்கே போனதும் 'மிஸ்டர் ராமானுஜன்' ஆனார். கணித நூல்களும் அதைக் குடும்பப் பெயராகவே எடுத்துக்கொண்டன. 'ஹார்டி–ராமானுஜன் எண்' என்ற பெயரில் முன்பாதி ஒரு வம்சத்தின் பெயர், பின்பாதி கோமளத்தம்மாள் தொட்டிலில் வைத்த பெயர்.

அந்த எண் எது என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. லண்டன் பட்னியில் நோயாளியாகப் படுத்திருந்தவரைப் பார்க்கப் போன ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729, சுவாரசியமில்லாத எண் என்றார். இல்லை, இரண்டு விதமாக இரு கனங்களின் கூடுதலாக எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்றார் ராமானுஜன். 1³ + 12³ என்றும் எழுதலாம், 9³ + 10³ என்றும் எழுதலாம். கதை இங்கே முடிந்துவிடுவதாகத்தான் பலரும் சொல்கிறார்கள். ஹார்டி அடுத்து ஒன்று கேட்டார்: நான்காம் அடுக்குகளில் இப்படி எண் உண்டா? கொஞ்சம் யோசித்து ராமானுஜன் சொன்ன பதில், உதாரணம் சட்டென்று தெரியவில்லை, இருந்தால் மிகப் பெரிய எண்ணாகத்தான் இருக்கும் என்பது. என்னைக் கேட்டால் முதல் பதிலைவிட இந்த இரண்டாம் பதில்தான் ஆளைக் காட்டுகிறது. அந்த எண் 63,53,18,657. அதாவது 59-இன் நான்காம் அடுக்கும் 158-இன் நான்காம் அடுக்கும் சேர்ந்தது. 133, 134 இரண்டின் நான்காம் அடுக்குகளைக் கூட்டினாலும் அதுவே. ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுவைத்திருந்தார். 1729-இலிருந்து அறுபத்து மூன்று கோடிக்கு ஒரே தாவல். படுக்கையில் இருந்தபடி அந்தத் தாவலின் நீளத்தை உணர்ந்திருக்கிறார் மனிதர். இந்த எண்ணை உடைத்தால் 41 × 113 × 241 × 569. நான்கும் பகா எண்கள், நான்கையும் எட்டால் வகுத்தால் மீதி 1. இது தற்செயல் இல்லை. பொதுக் காரணியில்லாத இரு எண்களின் நான்காம் அடுக்குகளைக் கூட்டினால் வரும் எண்ணுக்கு இரண்டைத் தவிர வேறு பகாக் காரணி இருந்தால் இந்தச் சாதியில்தான் இருந்தாக வேண்டும்.

1729-ஐ முதலில் கண்டவர் ராமானுஜன் அல்ல. பிரான்சின் பெர்னார் பிரெனிக்கிள் த பெசி 1657-இலேயே அதை எழுதிவைத்திருக்கிறார். 'பிரெனிக்கிள் எண்' என்று யாரும் சொல்வதில்லை. அவருக்கு டாக்சி வாய்க்கவில்லை. முன்பிறந்தவர் ஒருவர் இருக்கப் பின்பிறந்தவர் பெயரை எண் ஏற்றுக்கொண்டது. பின்பிறந்தவன் என்றே பெயர் கொண்டவர் அவர் என்பதால் பொருத்தம் என்று விட்டுவிடலாம். பாதி நியாயம் என்று மேலே சொன்னதற்கு வேறு காரணம் உண்டு: அவர் இந்த எண்ணை அதிர்ஷ்டத்தால் தொட்டவரில்லை, இந்த வட்டாரத்திலேயே நடமாடியவர். 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்த ராமானுஜனின் 'தொலைந்த நோட்டுப் புத்தக'த்தில் 9³ + 10³ = 12³ + 1 என்ற வரிக்கு உறவுக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். ஒன்று மட்டும்: 791³ + 812³. கூட்டினால் 103 கோடியே 3 லட்சத்து 999. 1010-இன் கனம் 103 கோடியே 3 லட்சத்து ஆயிரம். இரண்டு கனங்கள் கூடி இன்னொரு கனம் ஆகாது என்பது ஃபெர்மா சொன்னது. ஆகாதுதான், ஆனால் ஒன்று குறைய ஆகும், ஒன்று கூட ஆகும் என்று ஒரு முடிவில்லாத வரிசையையே தயாரிக்கும் வழியை ராமானுஜன் வைத்திருந்தார்.

மேற்கத்திய நூல்களில் இந்த வகை எண்களுக்கு இன்னொரு பெயர், டாக்சிகேப் எண். ராமானுஜன் பெயரை இறக்கிவிட்டு வண்டியின் பெயரை ஏற்றிக்கொண்டார்கள். அந்தச் சொல்லின் பூர்வோத்திரமும் வேடிக்கைதான். லத்தீனில் 'டாக்சா' என்றால் வரி, கட்டணம். கட்டணம் காட்டும் கருவி டாக்சிமீட்டர். அதன் முன்பாதி டாக்சி. பின்னால் வரும் 'கேப்', 'கேப்ரியோலே' என்ற இரட்டைச் சக்கர வண்டியின் குறுக்கம். ஆட்டுக்குட்டி துள்ளுவதுபோல் துள்ளியதால் அந்த வண்டிக்கு ஆட்டின் பெயர். வேரைப் பிடித்துத் தமிழாக்கினால் 'வரியாட்டு எண்' என்று வரும். வாடகைச் சீருந்து எண் என்று எழுதுவதும் அதற்குச் சளைத்ததில்லை. ஒரகடம் சந்திப்பில் ஷிஃப்ட் முடிந்து நிற்கிறவர் எதைச் சொல்லிக் கூப்பிடுகிறாரோ அதுவே தமிழ். டாக்சி எண் என்றே வைத்துக்கொள்வோம்.

அடுத்த டாக்சி எண், அதாவது மூன்று விதமாக எழுதத்தக்க மிகச் சிறிய எண், 1957-இல் ஜான் லீச் கண்டது. 8,75,39,319: எட்டுக் கோடியே எழுபத்தைந்து லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து முந்நூற்றுப் பத்தொன்பது. 167³ + 436³, 228³ + 423³, 255³ + 414³ என மூன்று வேடம். இந்த எண்ணின் உள்ளே நுழைந்து பார்ப்பது நல்ல அனுபவம், பள்ளிக் கணிதம் போதும். இரண்டு கனங்களின் கூடுதலை அந்த இரண்டு எண்களின் கூடுதல் மீதியின்றி வகுக்கும் என்பது ஒன்பதாம் வகுப்பு வாய்பாடு. சோடிகளைக் கூட்டுங்கள்: 603, 651, 669. எண்ணை உடைத்தால் 3 × 3 × 3 × 7 × 31 × 67 × 223. இப்போது பாருங்கள்: 603 என்பது 9 × 67. 651 என்பது 3 × 7 × 31. 669 என்பது 3 × 223. மூன்று சோடியும் காரணிகளைப் பாகப்பிரிவினை செய்துகொண்டதுபோல் ஆளுக்கொரு பங்கை எடுத்திருக்கின்றன. 67 ஒருவருக்கு, 7-உம் 31-உம் ஒருவருக்கு, 223 ஒருவருக்கு. மூன்று மட்டும் பொதுச் சொத்து. 1729-லும் இதே கதை. அது 7 × 13 × 19. 1 + 12 பதின்மூன்றை எடுத்துக்கொண்டது, 9 + 10 பத்தொன்பதை. ஒரு எண் பல விதமாக எழுதப்பட வேண்டுமானால் அதற்குக் காரணிகள் நிறைய வேண்டும், அவையும் ஏற்ற அளவில் அமைய வேண்டும். பெரிய எண்ணெல்லாம் பல வேடம் போடாததற்கு அதுதான் காரணம்.

அதே 7 × 13 × 19 இன்னொரு குறும்பும் செய்கிறது. ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்க ஃபெர்மாவின் பெயரில் ஒரு விரைவுச் சோதனை உண்டு. காரணிகளில் ஒவ்வொன்று குறைத்த 6, 12, 18 மூன்றும், எண்ணில் ஒன்று குறைத்த 1728-ஐ மீதியின்றி வகுப்பதால், தன்னோடு பொதுக் காரணியில்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் 1729 அந்தத் தேர்வில் பாஸாகிவிடும். வேஷதாரி. இப்படிப்பட்டவர்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். 561, 1105-க்கு அடுத்து மூன்றாவது ஆள் இது. ஸ்ரீபெரும்புதூரில் செய்யப்படும் ஒவ்வொரு செல்போனின் ரகசியப் பூட்டுக்கும் பெரிய பகா எண்கள் பயன்படுகின்றன. இந்த வேஷதாரிகள் இருப்பதாலேயே அவற்றைத் தேடும் நிரல்கள் வெறும் ஃபெர்மா சோதனையை நம்பி நிற்பதில்லை.

ஆறு விதமாக எழுதத்தக்க மிகச் சிறிய எண்ணை 2008-இல் உவே ஹாலர்பாக் உறுதி செய்தார். 24153319581254312065344. இருபத்து மூன்று இலக்கம். மில்லியன், பில்லியன் என்று போனால் நாக்கு சுளுக்கும். கோடி என்ற ஒரே படியால் அளந்தால் 24 கோடி கோடி கோடி, 15 லட்சத்து 33 ஆயிரத்து 195 கோடி கோடி, 81 லட்சத்து 25 ஆயிரத்து 431 கோடி, 20 லட்சத்து 65 ஆயிரத்து 344. கோடி என்றால் முனை என்றும் பொருள். தெருக்கோடி என்கிறோமே, அந்தக் கோடி. எண்ணின் முனை என்று ஒருகாலத்தில் நினைத்த இடத்தையே மும்முறை மடித்து இங்கே வந்து நிற்கிறோம். அதற்கும் முந்தைய தமிழ், பேரெண்களுக்குப் பூவின் பெயர் வைத்திருந்தது. ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப் பெயர்களுக்குத் தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் புணர்ச்சி விதியே உண்டு. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உரைகாரர்கள் உதாரணம் காட்டுவார்கள். பங்கஜம் அத்தை ஓர் எண்ணாகவும் இருந்திருக்கிறாள். பூவின் பெயர் எண்ணுக்கு வந்ததிலிருந்து ஆளின் பெயர் எண்ணுக்கு வந்தது வரை, பெயர் ஒட்டிக்கொள்வது உரிமையால் அல்ல, சாயலால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு நல்ல சாட்சி, ஆரம்பத்தில் சொன்ன பதினெட்டு இலக்கம்: 262537412640768744. நம் கணக்கில் 2,625 கோடி கோடி, 37 லட்சத்து 41 ஆயிரத்து 264 கோடி, 7 லட்சத்து 68 ஆயிரத்து 744. பை (π) என்ற எண்ணையும் 163-இன் வர்க்கமூலத்தையும் பெருக்கி, அந்தப் பெருக்குத்தொகையை 2.718… என்ற ஆய்லர் எண்ணுக்கு அடுக்காகப் போட்டால் கிட்டத்தட்ட இந்த முழு எண் வருகிறது. கிட்டத்தட்ட என்றால், 743-இல் முடிந்து, புள்ளிக்குப் பின் பன்னிரண்டு ஒன்பதுகள் வந்து, அதன் பிறகுதான் 25 என்று பிசகுகிறது. முடிவில்லாத தசமங்களைக் கொண்ட இரண்டு எண்களையும் ஒரு வர்க்கமூலத்தையும் போட்டுக் கிண்டினால் இப்படி முழு எண்ணின் வாசலில் வந்து நிற்க என்ன அவசியம்?

அவசியம் 163-இல் இருக்கிறது. 1, 2, 3, 7, 11, 19, 43, 67, 163 என்று ஒன்பதே எண்கள் கொண்ட ஒரு தனிக் குடும்பம் உண்டு. கூட்டிப் பெருக்கும் எண்ணுலகத்தை ஒரு குறிப்பிட்ட வகையில் விரிக்கும்போதும் காரணிப்படுத்தல் ஒரே விதமாக அமைவது இவற்றுக்கு மட்டும். குடும்பத்தின் கடைசி ஆள் 163 என்பதைக் குர்ட் ஹீக்னர் 1952-இல் வெளியிட்டபோது யாரும் சரியாக நம்பவில்லை. 1960-களில் பேக்கரும் ஸ்டார்க்கும் நிரூபித்த பிறகே ஒப்புக்கொண்டார்கள். n-ஐ அதே n-ஆல் பெருக்கி, n-ஐயும் 41-ஐயும் கூட்டினால், n பூஜ்யம் முதல் 39 வரை எதுவானாலும் பகா எண்ணே வரும் என்று ஆய்லர் கண்டாரே, அதன் பின்னால் இருப்பதும் இந்த 163-தான். 41-ஐ நான்கால் பெருக்கி ஒன்று கழித்துப் பாருங்கள். நம் பதினெட்டு இலக்க எண்ணிலிருந்து 744-ஐக் கழித்தால் மீதி 640320-இன் கனம், பிசிறே இல்லாமல். மறுபடியும் கனம்! அந்த 640320-ஐ வைத்துத்தான் சுட்னோவ்ஸ்கி சகோதரர்கள் 1988-இல் பையைக் கணக்கிடும் வாய்பாட்டைத் தந்தார்கள். பையின் தசமங்களில் உலக சாதனை செய்கிறவர்கள் இன்றும் அதையே ஓட்டுகிறார்கள்.

இந்த எண்ணுக்கு 'ராமானுஜன் மாறிலி' என்று பெயர். அவர் இதைச் சொல்லவே இல்லை. 1859-இலேயே கணிதர் ஹெர்மிட் கண்டுவிட்டார். பின் எப்படிப் பெயர் வந்தது? 1975 ஏப்ரல் இதழில், சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையில் மார்ட்டின் கார்ட்னர் முட்டாள்கள் தினத்துக்காக ஒரு புளுகுப் பட்டியல் போட்டார். இந்தக் கணக்கு சரியாக முழு எண்ணையே தருவதாக நிரூபிக்கப்பட்டது, 1914-இல் ராமானுஜன் ஊகித்தது பலித்தது என்பது அதில் ஒன்று. பல வாசகர்கள் நம்பினார்கள். அன்றைய கணிப்பான்களில் புள்ளிக்குப் பின் பன்னிரண்டு இலக்கம் தாண்டிப் பார்க்க யாரால் முடியும்? புளுகு போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

ஆனால் கார்ட்னர் கண்ணை மூடிக்கொண்டு பெயரைப் பொறுக்கவில்லை. 1914-இல் ராமானுஜன் பையைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதன் தம்பிகள் இருக்கிறார்கள். 163-க்குப் பதில் 22, 37, 58. கடைசியானது 24591257751.99999982 என்று வந்து முழு எண்ணுக்கு மயிரிழையில் நிற்கிறது. அவர் தொட்டவை தம்பிகள். தொடாத அண்ணனுக்கு அவர் பெயர். 'ராமானுஜன் எண்' என்று 1729-ஐச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் வாயால் வந்த சொல் அங்கே இருக்கிறது. 'ராமானுஜன் மாறிலி' என்று இதைத் தமிழ்ப் பாடநூல்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் எழுதுவதை நிறுத்திவிட்டு 'ஹெர்மிட் எண்' என்று மாற்றுவதே நேர்மை. மனிதருக்கு இரவல் புகழ் தேவையில்லை.

எண்களோடு பழக இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் டிஎன் 87 வரிசைகளில் வண்டிக்கு 1 முதல் 9999 வரை எண் வருகிறது. வண்டி வாங்கினால் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது நம் பழக்கம். எட்டு வந்தால் முகம் சுளிப்போம், ஒன்பது வந்தால் காசு கொடுத்தாவது வாங்குவோம். இந்தக் 'கூட்டு எண்' வெறும் நம்பிக்கை அல்ல, ஒன்பதால் வகுத்த மீதியேதான் (மீதி பூஜ்யமானால் 9). எந்தக் கனத்தை எடுத்துக்கொண்டாலும் கூட்டு எண் 1, 8, 9 மூன்றில் ஒன்றாகத்தான் வரும். எனவே இரண்டு கனங்களைக் கூட்டினால் 1, 2, 7, 8, 9 தவிர வேறு எதுவும் வராது. கூட்டு எண் 3, 4, 5, 6 உள்ள வண்டி எதுவானாலும் அது இரண்டு கனங்களின் கூடுதல் இல்லை என்று ஓடும் வண்டியைப் பார்த்தே சொல்லிவிடலாம். 9999 எண்களில் இப்படிக் கழிந்துபோவது சரியாக 4444. 1729-க்குக் கூட்டு எண் 1. மூன்று விதமாக எழுதத்தக்க டாக்சி எண் முதல் ஆறு விதமாக எழுதத்தக்கது வரை இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் அத்தனைக்கும் 9. ராசி பார்க்கிறவர்கள் சந்தோஷப்படலாம்.

21-இன் கனம் 9261, 22-இன் கனம் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். ஆகவே இருபத்தொரு கனங்களை மனப்பாடம் செய்த எட்டாம் வகுப்புப் பிள்ளை, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் போகும் எந்த வண்டியையும் சோதித்துவிடும். ஆசிரியர்கள் ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்கலாம். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டே வண்டிகள்தான் இரட்டை வேடம் போடும். ஒன்று 1729. மற்றது 4104: 2³ + 16³, 9³ + 15³. அதற்கு எந்த டாக்சிக் கதையும் இல்லை. பெயர் வைக்க விரும்பும் பிள்ளைகள் தாராளமாக வைக்கட்டும், ஆனால் கண்டுபிடித்தவர் யார் என்று ஒருமுறை விசாரித்துவிட்டு.